சீசன் சோறு

செல்லப்பா மின்வாரிய அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற நாளில் போட்ட மாலை வாடுவதற்குள் அவருக்கு ஒரு விஷயம் புரிந்துபோயிற்று. இனிமேல் தன் கையெழுத்துக்காகக் காத்து நிற்க உலகத்தில் ஒருவரும் இல்லை. மேலகரத்தில் சொந்த வீடு இருந்தது. மகள் கல்யாணமாகி பெங்களூரில் இருந்தாள். மனைவி ஜெயபிரியா தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி இருந்தது. ஆகவே பகல் முழுவதும் அவர் கண்காணிப்பதற்கு மிச்சமிருந்தது அடுக்களையும், பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணும்தான்.

அடுப்பின் தீ எவ்வளவு உயரம் எரியலாம், ஃபிரிட்ஜை எத்தனை தடவை திறக்கலாம், சபீனாவை எந்தப் பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும் என்பதற்கெல்லாம் அவரிடம் கருத்து இருந்தது. இரண்டாவது வாரம் பாத்திரம் தேய்க்கிற பெண் வரவில்லை. மூன்றாவது வாரமும் வரவில்லை. ஜெயபிரியா பள்ளியிலிருந்து வந்து, கைப்பையை வைத்துவிட்டு, ஈயப் பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஏங்க, வீட்டுலயே கெடக்கதுக்கு வெளிய போயி நாலு பேருக்கு நல்லது பண்ணலாம்லா. எனக்கும் நல்லதா இருக்கும்."

முதல் வாக்கியம் மட்டும் அவர் காதில் விழுந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆனி மாதச் சாரலில் அவர் குற்றாலம் ஐந்தருவிக்குக் குளிக்கப் போனார். குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வரும்போது, கடைகளுக்குப் பின்னால் உள்ள குடியிருப்பின் பிள்ளைகள் சாக்கில் உட்கார்ந்து, உடைந்த நேந்திரங்காய் சிப்ஸையும் நசுங்கிய மங்குஸ்தானையும் தின்றுகொண்டிருப்பதைப் பார்த்தார். அவர்களுடைய தாய்மார்கள் முன்பக்கம் கடைகளில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள். சோறு வீட்டில் மூடி வைத்திருந்தது. பிள்ளைகளுக்கு அதைவிட மங்குஸ்தான் பிடித்திருந்தது. செல்லப்பா இதையெல்லாம் யாரிடமும் விசாரிக்கவில்லை. அவர் நெஞ்சு உருகியது. அந்த உருக்கம் உண்மைதான். ஆனால் உருகியதை அவர் ஒரு சங்கமாக வார்த்துவிட்டார்.

சங்கத்துக்கு 'அருவிக்கரை அன்னக்கூடம்' என்று பெயர். வாட்ஸப்பில் தொடங்கிய அன்றே ஆட்கள் சேர்ந்தார்கள். செல்லப்பா தலைவர். அவருக்குக் கீழே கௌரவத் தலைவர்கள், துணைத் தலைவர்கள், ஒரு சட்ட ஆலோசகர். யோகா வகுப்பு நடத்தும் வடிவாம்பாள் ஊட்டச்சத்து ஒருங்கிணைப்பாளர். தென்காசியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஆதித்தன் ஊடகப் பொறுப்பாளர். பதவி இல்லாமல் ஒருவரைச் சேர்த்தால் அவர் அன்று சாயங்காலமே குழுவை விட்டு வெளியேறிவிடுவார் என்பதால் எல்லோருக்கும் ஏதாவது கொடுக்க வேண்டியிருந்தது.

முதல் கூட்டம் செல்லப்பா வீட்டு முன்னறையில் நடந்தது. டீசர்ட் பச்சையா மஞ்சளா என்பதில் வெகுநேரம் போயிற்று. பச்சை ஒரு கட்சிக்கும் மஞ்சள் ஒரு சாமிக்கும் உரியது என்று சட்ட ஆலோசகர் எச்சரித்ததால் ஊதாவில் முடிந்தது. கடைசி வரிசையில் ரஹ்மத்துன்னிசா உட்கார்ந்திருந்தாள். தென்காசியில் தையல் கடை நடத்துபவள். கணவன் ஆதம் சவுதியில் தம்மாமில் வேலை பார்த்தான். பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்திருந்தாள். அவள் கையைத் தூக்கி, "எல்லாம் சரி அண்ணாச்சி, சோறு யாரு பொங்குதா?" என்று கேட்டாள்.

எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். ஓட்டலில் சொல்லிவிடலாம் என்றார் ஒரு துணைத் தலைவர். செல்லப்பா அதை ஏற்கவில்லை. காசு கொடுத்து வாங்கிப் போடுவது தொண்டு ஆகாது, நம் கையால் பொங்கிப் போட வேண்டும், அதுதான் சங்கத்தின் கொள்கை என்று சொன்னார். எல்லோரும் பலமாகக் கை தட்டினார்கள். தட்டி முடித்ததும் எல்லோரும் ரஹ்மத்துன்னிசாவின் கையைப் பார்த்தார்கள்.

அவள் சிரித்துவிட்டு, தன் வீட்டில் கல்யாணத்துக்கு வாங்கின அண்டா கிடக்கிறது என்றாள்.

தொடக்க விழா அடுத்த ஞாயிற்றுக்கிழமை, குடியிருப்பின் பக்கத்தில் ஒரு பலா மரத்தடியில் நடந்தது. ரஹ்மத்துன்னிசா விடிவதற்கு முன்பே எழுந்து பொங்கின சாம்பார் சாதம் ஆவி பறக்க வந்து இறங்கியது. அதன்பிறகு வரவேற்புரை. அதன்பிறகு வாழ்த்துரைகள். துணைத் தலைவர்கள் ஒவ்வொருவரும் பசியின் கொடுமையைப் பற்றிப் பேசினார்கள். பிள்ளைகள் இலையின் முன்னால் உட்கார்ந்து அதை அனுபவித்துக்கொண்டிருந்தார்கள். ஆவி அடங்கிய பிறகு பரிமாறத் தொடங்கினார்கள்.

தலைவர் முதல் கரண்டியைப் பாண்டி என்ற சின்னப் பையனின் இலையில் போட்டார். படத்தில் அவர் கண்ணை மூடிவிட்டதாக ஆதித்தன் சொன்னான். இன்னொரு கரண்டி போட்டார். இந்தத் தடவை பேனரில் சங்கத்தின் பெயர் பாதிதான் தெரிந்தது. மறுபடி போட்டார். பாண்டி இலையின் மேல் இரண்டு கையையும் விரித்து, "போதும் தாத்தா" என்றான். செல்லப்பாவுக்குப் 'போதும்' என்றதைவிடத் 'தாத்தா' என்றதுதான் வலித்தது. கடைசியில் நல்ல படம் ஒன்று அமைந்தது. அதில் தலைவர் கண்ணைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தார். எதிரே ஒரு குன்று சோறும், அதற்கு மேலே இரண்டு கண்களும் தெரிந்தன.

விழா முடிந்ததும் அத்தனை பேரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போனார்கள். இதுவும் சீக்கிரமே சங்கத்தின் வழக்கமாகிவிட்டது. சிலர் தொண்டு முடிந்து அருவிக்குப் போனார்கள், சிலர் அருவி முடிந்து தொண்டுக்கு வந்தார்கள். வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொண்டர்களின் கூட்டமும் பாதியாகக் குறைந்திருந்தது.

மூன்றாவது வாரம் வடிவாம்பாள் வெள்ளை அரிசியைப் பற்றிக் குழுவில் ஒரு நீண்ட குரல் பதிவு போட்டாள். ஏழைப் பிள்ளைகளுக்கு நாமே சர்க்கரை வியாதியைக் கொடுக்கலாமா என்று கேட்டாள். ரஹ்மத்துன்னிசா, ஞாயிற்றுக்கிழமைதானே, நெய்ச்சோறும் கறி போட்ட தாளிச்சாவும் செய்கிறேன், பிள்ளைகள் ஆசையாகச் சாப்பிடும் என்றாள். கறி கூடாது என்று சிலர், முட்டை மட்டும் வைக்கலாம் என்று சிலர், முட்டையும் உயிர்தான் என்று சிலர். செல்லப்பா தன் அலுவலகப் பழக்கப்படி ஒரு துணைக்குழு அமைத்தார். துணைக்குழு குதிரைவாலிப் பொங்கலும் முருங்கைக்கீரைச் சூப்பும் என்று முடிவு செய்தது.

பிள்ளைகள் மரியாதை தெரிந்த பிள்ளைகள். முதல் வாயைச் சாப்பிட்டார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து இலையோடு மரத்துக்குப் பின்னால் போனார்கள். அங்கே குற்றாலத்துக் குரங்குகள் தயாராக இருந்தன. குரங்குகள் முந்திரிப்பருப்பை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் துணைக்குழுவுக்கே விட்டுப் போயின. 'ஊட்டச்சத்து மிக்க உணவைக் குழந்தைகள் விரும்பி உண்டனர்' என்று அன்று மாலை ஆதித்தன் படத்தோடு போட்டான். ரஹ்மத்துன்னிசா அதன் கீழே ஒரு குரங்கின் முகத்தைப் போட்டாள். அதை அன்பின் அடையாளமாக எடுத்துக்கொண்டு வடிவாம்பாள் நன்றி சொன்னாள்.

இந்த நிலைமையில்தான் சுரண்டையிலிருந்து இசக்கிதுரை வந்தான். அவனுக்கு அங்கே டைல்ஸ் கடை. தேர்தலில் நிற்கிற எண்ணம் இருந்தது. எந்த ஊரில் என்பது இன்னும் முடிவாகவில்லை. வேன் நிறையக் கோழி பிரியாணியும் அவித்த முட்டையுமாக வந்தான். அவன் பேனரில் அவனே ஆள் உயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டு நின்றான். அன்னக்கூடத்தார் தயிர்சாதத்தோடு போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் பலா மரத்தடியில் மல்லாந்து கிடந்தார்கள். ஒரு சிறுமி மட்டும் எழுந்து, வயிற்றைத் தடவிக்கொண்டு, நாளைக்கு வைத்துக்கொள்கிறோம் மாமா என்று ஆறுதல் சொன்னாள்.

செல்லப்பாவுக்கு அது சொந்தப் பிள்ளைகளை இன்னொருவன் தூக்கிக்கொண்டு போனது மாதிரி இருந்தது. அடுத்த வாரம் அன்னக்கூடம் ஒரு மணி நேரம் முந்திக்கொண்டது. அதற்கு அடுத்த வாரம் இசக்கிதுரை அதற்கும் ஒரு மணி நேரம் முந்தினான். ஆடி முடியும்போது மதியச் சாப்பாடு காலைப் பலகாரத்தின் நேரத்துக்கு வந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு கட்சிகளும் பொழுது விடியும்போதே வந்து இறங்கின. பிள்ளைகள் பல் விளக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் பிரியாணி, ஒரு பக்கம் எலுமிச்சை சாதம். நடுவில் வாயில் நுரையோடு நின்ற பாண்டியை இரண்டு பக்கத்திலிருந்தும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

திங்கட்கிழமை பாதிப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவில்லை. வயிற்றுப்போக்கு.

அடுத்த ஞாயிறு பாண்டியின் அம்மா ஆவுடைத்தாய் இரண்டு தலைவர்களையும் தன் கடைக்கு முன்னால் கூப்பிட்டாள். அவள் ஐந்தருவியில் மிளகாய் பஜ்ஜிக் கடை போட்டிருந்தாள். அவள் கை முழங்கை வரை கடலைமாவாக இருந்தது. முதலில் இரண்டு பேருக்கும் ஒரு பேப்பரில் பஜ்ஜி வைத்துக் கொடுத்தாள். அவர்கள் வாயில் பஜ்ஜி இருக்கும்போதே பேசத் தொடங்கினாள்.

"சார்மாரே, ரெண்டு பேரும் நல்லவங்கதான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா இப்பம் சீசன். நாங்க எல்லாரும் கடை போட்டிருக்கோம், எங்க பிள்ளைகளுக்குச் சோத்துக்குக் கொறைச்ச இல்ல. நீங்க போட்டி போட்டுப் போடுததுல அதுகளுக்கு வயித்தால போவுது. பங்குனி, சித்திரையில வாங்க. அருவியில தண்ணி இருக்காது, இங்கன ஒரு கடை இருக்காது, பள்ளிக்கூடமும் பூட்டிருவாங்க. அப்பம் ஒரு ஈ காக்கா எங்களை எட்டிப் பாக்காது. அப்பம் வந்து போடுங்க."

இரண்டு பேரும் பஜ்ஜியை விழுங்கிவிட்டு மனப்பூர்வமாகத் தலையாட்டினார்கள். சித்திரையில் இரண்டு மடங்கு பிரியாணி என்றான் இசக்கிதுரை. சங்கத்தில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவருவதாகச் செல்லப்பா சொன்னார். பிறகு ஒரு வாரம் இவர்கள், ஒரு வாரம் அவர்கள் என்று முறை வைத்துக்கொண்டு சீசன் முடியும்வரை பிள்ளைகளுக்குச் சோறு போட்டார்கள்.

புரட்டாசியில் அருவி நூலாக இறங்கியது. குழுவில் காலை வணக்கமும் பூக்களும் மட்டும் வந்துகொண்டிருந்தன. கார்த்திகையில் ஐயப்ப பக்தர்கள் வந்தபோது அருவியிலும் தண்ணீர் வந்தது. ஒரு நாள் எல்லோரும் ஊதாச் சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு போய்ப் பக்தர்களுக்குச் சுண்டல் கொடுத்துவிட்டுக் குளித்து வந்தார்கள். தையில் பொங்கல் வாழ்த்து. மாசியில் ஒன்றுமில்லை. இசக்கிதுரையின் வேன் மறுபடி டைல்ஸ் ஏற்றப் போய்விட்டது.

சித்திரையில் ஜெயபிரியாவுக்குப் பள்ளி விடுமுறை விட்டதும், பெங்களூருக்கு மகள் வீட்டுக்குப் போவதென்று இருந்தார்கள். அதற்கு ஒரு பெட்டி வாங்கத்தான் செல்லப்பா தென்காசிக்கு வந்தார். பஸ் ஸ்டாண்டில், புனலூர் போகிற பஸ்ஸுக்குப் பக்கத்தில், ஆவுடைத்தாயும் குடியிருப்பின் வேறு சில பெண்களும் பையோடு நின்றார்கள். அங்கே ஒரு முந்திரி ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது, சாரல் விழுந்த பிறகுதான் திரும்புவோம் என்று ஆவுடைத்தாய் சொன்னாள். ஆண்கள் முன்னாலேயே கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். சின்னப் பிள்ளைகளைப் பத்தாவது எழுதியிருக்கிற சுகந்தியும் அவளோடொத்த பெண்களும் பார்த்துக்கொள்வார்களாம். இதையெல்லாம் சொல்லிவிட்டு, எந்தக் குத்தலும் இல்லாமல், சாதாரணமாக ஒன்று கேட்டாள்.

"சார், உங்க சங்கம் இருக்கா, கலைஞ்சிட்டா?"

கலைந்துவிட்டது என்று அவர் சொல்லியிருக்கலாம். ஆனால் அரசாங்க வேலையில் இருந்தவருக்கு ஓர் அலுவலகம் மூடிவிட்டது என்று வாயால் சொல்ல வராது. அதெப்படிக் கலையும், நன்றாகவே இருக்கிறது என்றார்.

"அப்பம் நாளைக்கு வாங்க சார். சுகந்திட்ட போன் பண்ணிச் சொல்லிருதேன்."

பஸ் புறப்பட்டுவிட்டது. செல்லப்பா கையில் பெட்டி இல்லாமல் வீடு திரும்பினார்.

குழுவில் 'அவசரம்' என்று தலைப்பிட்டு எழுதினார். வரிசையாகக் கூப்பிய கைகள் வந்தன. வடிவாம்பாள் கொடைக்கானலில் ஒரு தியான முகாமில் இருந்தாள். அங்கிருந்தே நல்ல எண்ணங்களை அனுப்பினாள். ஆதித்தனுக்கு முகூர்த்த மாதம். துணைத் தலைவர்கள் எல்லோருக்கும் வெயில் ஆகவில்லை. சட்ட ஆலோசகர் வாழ்த்துகள் என்றார்.

ரஹ்மத்துன்னிசாவின் வீட்டுக்கு அவர் நேரிலேயே போனார். வாசல் நிறையச் செருப்புகள். ஆதம் இரண்டு வருஷத்துக்குப் பிறகு லீவில் வந்திருந்தான்.

"அண்ணாச்சி, உங்ககிட்ட பொய் சொல்ல மனசு வரல. அவ்வொ வந்திருக்காவ. இந்த லீவு முடியுத வரைக்கும் நான் எங்கயும் வரமாட்டேன். அண்டாவ வேணா எடுத்துட்டுப் போங்க."

ஆதமே அண்டாவைத் தூக்கி வந்து ஆட்டோவில் வைத்தான். ரஹ்மத்துன்னிசா வாசலில் நின்று, அரிசி எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, எப்போது தீயைத் தணிக்க வேண்டும், எப்போது உப்பு என்றெல்லாம் சொன்னாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். ஆட்டோ தெரு முனை திரும்பியபோது அவர் நினைவில் தலையாட்டினது மட்டும் இருந்தது.

ஜெயபிரியாவிடம் கூட்டம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு மறுநாள் காலையில் ஊதாச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். அண்டாவை முந்தின நாளே ஒரு மளிகைக் கடையில் இறக்கி வைத்திருந்தார்; அதோடு அரிசி, பருப்பு, விறகும் ஏற்றிக்கொண்டார். ஐந்தருவியில் பாறை மட்டும் இருந்தது. கடைகள் இருந்த இடத்தில் மூங்கில்கள் நின்றன. பிள்ளைகள் ஓடி வந்தார்கள். வந்தவர்கள் அவரைப் பார்த்துவிட்டு, அவருக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று சாலையைப் பார்த்தார்கள். யார் சமைப்பது என்று சுகந்தி கேட்டாள். நான்தான் என்றார். சுகந்தி அவர் சட்டையில் எழுதியிருந்ததை ஒரு தடவை வாசித்தாள்.

செல்லப்பா மாவட்டத்துக்கே மின்சாரத்தைப் போக வர வைக்கிற ஓர் அலுவலகத்தை நடத்தினவர். அடுப்பு என்ன பெரிய விஷயம் என்றுதான் உட்கார்ந்தார். விறகு புகைந்தது. ஊதினார். புகை அவர் பக்கம் திரும்பியது. இடம் மாறி உட்கார்ந்தார். புகையும் மாறி வந்தது. அரிசிக்குத் தண்ணீர் ஒன்றுக்கு இரண்டா, இரண்டுக்கு ஒன்றா என்று சந்தேகம் வந்தபோது, எதற்கும் நடுவில் நிற்போம் என்று ஒன்றுக்கு ஒன்றாக ஊற்றினார். சுகந்தி பக்கத்தில் வந்து, நான் பார்க்கட்டுமா என்று கேட்டாள். நீங்கள் சாப்பிட வேண்டியவர்கள், நீங்கள் வேலை செய்தால் அது தொண்டு ஆகாது என்று விளக்கினார். அவள் சரியென்று தள்ளி உட்கார்ந்தாள்.

அவர் கையைச் சுட்டுக்கொண்டது அதற்குப் பிறகுதான். மூடியைத் திறக்கத் துண்டு வேண்டும் என்பதை யாரும் அவரிடம் சொன்னதில்லை. மூடி ஒரு பக்கம், கரண்டி ஒரு பக்கம் விழுந்தது. சுகந்தி இரண்டு பெண்களைக் கூப்பிட்டாள். ஒருத்தி அவர் கையில் குடத்துத் தண்ணீரை ஊற்றினாள். ஒருத்தி விறகை வெளியே இழுத்தாள். சுகந்தி அண்டாவுக்குள் தண்ணீர் தெளித்து மூடினாள். அதற்குள் அடியில் கருகி, நடுவில் குழைந்து, மேலே அரிசியாகவே மிச்சமிருந்தது. பருப்பு வெந்துவிட்டது, அதில் உப்பு இருக்கிறதா என்று பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

உச்சி வெயில் சாய்ந்த பிறகு பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்தார்கள். செல்லப்பா அவர்கள் முன்னால் நின்று, சோறு சரியாக வரவில்லை, சாப்பிட முடியாவிட்டால் வைத்துவிடுங்கள் என்று சொன்னார். அவர் அங்கே ஆற்றிய உரைகளில் இதுதான் சிறியது.

யாரும் வைக்கவில்லை. சீசனில் பிரியாணியில் முட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்து போன பிள்ளைகள், அரை வேக்காட்டுச் சோற்றை நிமிராமல் சாப்பிட்டார்கள். தட்டு காலியானதும் மறுபடி நீட்டினார்கள். அண்டாவின் அடியில் கருகினதைச் சுகந்தி கரண்டியால் சுரண்டி, தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டுப் பிசைந்தாள். அதற்கும் பாண்டி தட்டைக் கொண்டுவந்தான். நேற்று என்ன சாப்பிட்டாய் என்று செல்லப்பா அவனிடம் கேட்டார். காலையில் வடை என்றான். பிறகு என்று கேட்டார். அவன் யோசித்துப் பார்த்துவிட்டு, தண்ணி என்றான்.

செல்லப்பா சாலைக்கு வந்து ஒரு மூங்கிலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். புகை இன்னும் கண்ணில் இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம். திரும்பிப் போய், நாளைக்கும் வருகிறேன் என்று சுகந்தியிடம் சொன்னார். ஒரு படம்கூட எடுக்கவில்லையே என்று மேலகரம் வந்து இறங்கிய பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

கையில் கொப்பளத்தைப் பார்த்து ஜெயபிரியா என்னவென்று கேட்டாள். கூட்டத்தில் டீ கொட்டிவிட்டது என்றார். தப்பான விடையைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிற டீச்சர் அவள். அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் பாராட்டவில்லை. தண்ணீர் எவ்வளவு ஊற்றினீர்கள் என்று மட்டும் கேட்டாள். அவர் சொன்னதும் சிரிக்கத் தொடங்கி, நிற்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தாள். பிறகு பாண்டி சொன்னதை அவர் சொன்னார். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தேங்காய் எண்ணெய் எடுத்து வந்தாள்.

"நாளைக்கு வாரேன்னு யாருட்ட சொன்னீங்க?"

"நானாத்தான் சொன்னேன். யாரும் கேக்கல."

மறுநாள் அவளும் வந்தாள். பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்களா என்று பார்க்கத்தான் வருவதாகச் சொன்னாள். இரண்டு பேருக்குச் சமைத்துப் பழகிய அவளுக்கும் அண்டா பிடிபடச் சில நாள் ஆயிற்று. சுகந்தியும் மற்றப் பெண்களும் காய் நறுக்கினார்கள். தொண்டின் இலக்கணத்தைப் பற்றி இந்தத் தடவை செல்லப்பா வாய் திறக்கவில்லை. உப்புப் பக்கம் அவர் வரக்கூடாது என்று ஜெயபிரியா உத்தரவு போட்டாள். விறகும் தீயும் அவர் பொறுப்பு. எரிவது குறைந்தால் தள்ளவும், கூடினால் இழுக்கவும் ஒரு ஆள் அங்கே உண்மையாகவே தேவைப்பட்டது. அவர் கண்காணித்தும் யாருக்கும் கோபம் வராத முதல் வேலை அதுதான். சில நாள் சோறு நன்றாக வந்தது. சில நாள் ரசத்தைச் சாம்பார் என்று சொல்லிப் போட்டார்கள். பெங்களூரில் மகள் கோபித்துக்கொண்டாள்.

ஆதம் தன் சொந்தக்காரர் வீடுகள் எல்லாவற்றிலும் விருந்து சாப்பிட்டு முடித்து, வீட்டில் சும்மா இருக்க முடியாமல், அண்டா என்ன ஆயிற்று என்று பார்க்கிற சாக்கில் ஒரு நாள் ரஹ்மத்துன்னிசாவையும் கூட்டிக்கொண்டு வந்தான். வந்தவன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பானை தாளிச்சாவை இறக்கினான். தம்மாமில் பத்துப் பேர் தங்கும் அறையில் முறைவைத்துச் சமைத்துப் பழகியவன். அன்றைக்குப் பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துச் சாப்பிட்டார்கள். ஜெயபிரியா அவனிடம் பக்குவம் கேட்டுக்கொண்டாள். லீவு முடிகிறவரை அவன் வந்துகொண்டிருந்தான்.

வைகாசிக் கடைசியில் மேகம் இறங்கியது. பள்ளிக்கூடம் திறந்தது. மூங்கில்களுக்குத் தார்ப்பாய் ஏறியது. ஆவுடைத்தாய் புனலூரிலிருந்து திரும்பி வந்து கடை போட்டாள். செல்லப்பாவைக் கண்டதும் நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. "முதல் நாள் சோறு கல்லு மாதிரி இருந்துச்சாம்லா சார்" என்று சிரித்துவிட்டு, எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டே, பையன் கொஞ்சம் வளர்ந்திருக்கிறான் என்று சொன்னாள்.

சாரல் விழுந்த மறுநாள் ஆதித்தன் குழுவில் எழுதினான்: 'சீசன் ஆரம்பம், சேவையும் ஆரம்பம்.' பூக்கள் கொட்டின. ஆண்டு விழா நடத்துவதென்று முடிவாயிற்று. தலைவர் தனியாளாக நின்று கோடையில் சோறு போட்டதாக எப்படியோ பரவியிருந்தது. அதை அன்னக்கூடத்தின் கோடைக்காலச் சாதனை என்று பேனரில் போட்டார்கள். செல்லப்பாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவருக்கு அது பிடித்திருந்தது, மறைக்கவும் இல்லை. இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். டீ ஆறிப்போகிறவரை பேசினார். கடைசியில் ஒரு தீர்மானத்தை முன்வைத்தார். இனிமேல் சீசனில் யாருக்கும் சோறு போடுவதில்லை. பங்குனி பிறந்ததிலிருந்து பள்ளிக்கூடம் திறக்கிறவரை, அருவியில் தண்ணீர் இல்லாத நாளெல்லாம் போட வேண்டும். சமைப்பவர் வர வேண்டும். படம் எடுப்பவர் வேண்டியதில்லை.

ரஹ்மத்துன்னிசா வழிமொழிந்தாள். பசித்த பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டாம் என்று கை தூக்க யாருக்கும் மனமில்லாததால் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. வடிவாம்பாள்தான் முதலில் கை தட்டினாள்.

செல்லப்பா பொன்னாடையோடு மேலகரம் வந்து சேர்வதற்குள் குழுவிலிருந்து ஆட்கள் வெளியேறத் தொடங்கியிருந்தார்கள். துணைத் தலைவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். வடிவாம்பாள் நீண்ட ஆசீர்வாதம் ஒன்றை எழுதிவிட்டுப் போனாள். சட்ட ஆலோசகர் எந்த ஆலோசனையும் சொல்லாமல் போனார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் பார்த்தபோது மூன்று பேர் மிஞ்சியிருந்தார்கள். ஒருவர் செல்லப்பா. ஒருவர் ரஹ்மத்துன்னிசா. மூன்றாமவர் போன சீசனில் அருவியில் போனைத் தொலைத்தவர்; அவருக்கு இன்னும் விஷயம் தெரியாது.

ஜெயபிரியா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, இப்போதுதான் வேலை செய்கிற அளவுக்கு வந்திருக்கிறது என்றாள். அவள் எண்ணைச் சேர்த்தார். சற்று நேரத்தில் ரஹ்மத்துன்னிசா ஒரு வெளிநாட்டு எண்ணை அனுப்பினாள். அதையும் சேர்த்தார். தம்மாமிலிருந்து உடனே ஆதம் எழுதினான்.

"பங்குனி மாசம் இங்கிலீஷ் கணக்குல எப்பம் வருது அண்ணாச்சி? இப்பமே லீவு எழுதிக் குடுத்தாத்தான் கெடைக்கும்."